கயிற்றைப் பிடித்திருப்பது யார்? தேவதைக் கதைகளில் காதலின் சக்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே ஒரு கடலோர ஊரில் சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். வலை வைக்கும் கொட்டகைதான் இடம். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்களும் அக்காக்களும் அப்படியே உட்கார்ந்து கதை கேட்பார்கள். கதை முடிந்ததும் கேள்விகள் ஆரம்பிக்கும். மந்திரத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு, காதலைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். ஒரே கேள்வி பல பேரிடமிருந்து திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

தேவதைக் கதை என்கிறீர்கள், பல கதைகளில் தேவதையையே காணோமே?

ஆமாம், பாதிக் கதைகளில் வர மாட்டாள். சாபம், பேசும் பறவை, நடக்கவே முடியாத ஒரு வேலை, அதைச் செய்து முடிக்கும் ஒரு சாதாரண ஆள், இவை இருந்தால் போதும். எங்கள் வீட்டில் இதற்கு 'ராசா கதை' என்றுதான் பெயர். பிரான்சில் பெரோ 1697இல் தொகுத்தவை, ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812 முதல் வெளியிட்டவை, டென்மார்க்கில் ஆண்டர்சன் தானே கற்பனை செய்து எழுதியவை எல்லாவற்றையும் நாம் ஒரே பெயரில் அழைக்கிறோம். கொட்டகையில் இவற்றோடு நம் பாட்டிமார் சொன்ன கதைகளையும் கலந்தே சொல்கிறேன்.

முத்தம் கொடுத்தால் சாபம் தீரும் என்பதுதானே எல்லாக் கதையும்?

இதைத்தான் அதிகமாகக் கேட்கிறார்கள். கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் பழைய ஏடுகளைப் புரட்டினால் முத்தம் அபூர்வமாகத்தான் வருகிறது.

தவளை இளவரசன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிம் தொகுப்பில் ராஜகுமாரி தவளைக்கு முத்தம் கொடுப்பதில்லை. என் படுக்கையில் நீயா என்று கோபம் வந்து, தூக்கிச் சுவரில் அடிக்கிறாள். அப்போதுதான் அவன் மனிதனாகிறான். இதைச் சொன்னதும் கொட்டகையில் பெண் பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள்.

ஸ்னோ ஒயிட் கதையிலும் முத்தம் கிடையாது. கண்ணாடிப் பெட்டியைச் சுமந்து போகும் வேலையாட்கள் கால் தடுக்கித் தடுமாற, அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய விஷ ஆப்பிள் துண்டு வெளியே வருகிறது, அவள் கண் திறக்கிறாள். முத்தம் கொடுத்து எழுப்புவது 1937இல் வால்ட் டிஸ்னி எடுத்த படத்தால் உலகம் முழுக்கப் பரவியது.

தூங்கும் அழகிக்கு வருவோம். பெரோ சொன்ன கதையில் ராஜகுமாரன் அவள் பக்கத்தில் மண்டியிடுகிறான், அவ்வளவுதான். சாபத்தின் காலம் முடிந்துவிட்டது, அவளே விழிக்கிறாள். கிரிம் கதையில் முத்தம் உண்டு. ஆனால் அங்கேயும் அன்றைக்குத்தான் 100 வருடம் நிறைவடைகிறது. அதுவரை எத்தனையோ பேரைக் குத்திக் கொன்ற முள்வேலி, அன்று வந்தவனுக்குப் பூவாகி வழிவிடுகிறது. முன்னால் வந்தவர்களுக்கு ஆசை குறைவு என்று கதை சொல்லவில்லை. நேரம் வரவில்லை, அவ்வளவுதான். காற்றைப் பார்த்துக் காத்திருக்கத் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

முத்தத்தைவிடக் கண்ணீருக்குத்தான் இந்தக் கதைகளில் வேலை அதிகம். ராபுன்செல் கதையில் முள் குத்திக் குருடாகி வருஷக்கணக்கில் காட்டில் அலைகிறான் ராஜகுமாரன். கடைசியில் அவளைக் கண்டுபிடிக்கும்போது அவள் அழுகிறாள். அந்தக் கண்ணீர் இரண்டு சொட்டு விழுந்ததும் அவனுக்குப் பார்வை திரும்புகிறது. ஆண்டர்சனின் பனி ராணி கதையில் காய் என்ற பையனின் நெஞ்சு பனிக்கட்டியாகிவிடுகிறது. அவனைத் தேடி வடக்கே பனிநாடு வரை நடந்து வரும் கெர்டாவின் சூடான கண்ணீர்தான் அதைக் கரைக்கிறது. கண்ணீர் உப்புத் தண்ணீர். அதன் ருசி இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும்.

அப்படியென்றால் காதலின் சக்தி எதில்தான் இருக்கிறது?

இதற்கு நான் என் அப்பத்தாவிடம்தான் போக வேண்டும்.

முத்துக்குளிக்கும் காலத்தைப் பற்றி இந்தக் கரையில் ஒன்று சொல்வார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகிறவனின் கயிற்றை மேலே படகில் பிடித்திருப்பவன் அவன் மச்சான், அதாவது மனைவியின் கூடப்பிறந்தவன். தங்கச்சி தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கயிற்றை விட மாட்டான். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்ததும் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் இழுப்பான். பெரிய முத்துக்குளிப்பு நின்று 60 வருடத்துக்கு மேல் ஆகிறது. சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், இந்தப் பேச்சும் இருக்கிறது.

அப்பத்தா ராசா கதை சொல்லும்போது, கதையில் யாராவது தண்ணீரில் இறங்கினால் நிறுத்திவிடுவார். "கயித்த யாரு பிடிச்சிருக்கா?" என்று எங்களைக் கேட்பார். நாங்கள் ஒரு பெயர் சொன்னால்தான் கதை நகரும். மச்சான் என்போம், ராணி என்போம், ஒரு தடவை என் தம்பி கிளி என்றான். அப்பத்தா அதையும் ஏற்றுக்கொண்டார்.

எந்த நாட்டுக் கதை என்றாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஆழத்துக்குப் போனவன் ஒருவன், மேலே கயிற்றைப் பிடித்திருப்பவள் ஒருத்தி. அல்லது ஆழத்துக்குப் போனவள் ஒருத்தி. காதலின் சக்தி என்று நான் நம்புவது அந்தப் பிடியைத்தான். கை எரியும், தோள் கடுக்கும், கீழே என்ன நடக்கிறது என்று தெரியாது, இருந்தாலும் விடுவதில்லை.

கதைகளில் காதலன் காதலி அன்புக்கு மட்டும்தான் சக்தியா?

இல்லவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கதை ஒரு தங்கை அண்ணன்மார்களைக் காப்பாற்றும் கதை. ஆண்டர்சன் 1838இல் எழுதிய காட்டு அன்னங்கள். சிற்றன்னையின் மந்திரத்தால் 11 அண்ணன்மார் அன்னங்களாகிவிடுகிறார்கள். தங்கை எலிசா உடம்பெல்லாம் தடிக்க வைக்கும் காஞ்சொறி போன்ற செடியைக் கையால் பறித்து, மிதித்து நாராக்கி, 11 சட்டை பின்ன வேண்டும். அத்தனையும் முடியும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அண்ணன்மார் செத்துவிடுவார்கள். சூனியக்காரி என்று பழி சொல்லி அவளை எரிக்கக் கொண்டு போகிறார்கள். வண்டியில் போகும்போதும் பின்னிக்கொண்டே போகிறாள். கடைசிச் சட்டையில் ஒரு கை மட்டும் முடியவில்லை. அதனால் சின்ன அண்ணனுக்கு ஒரு கைக்குப் பதில் அன்னத்தின் சிறகு அப்படியே தங்கிவிடுகிறது.

செடி குத்திக் கொப்புளித்த எலிசாவின் கையைப் பற்றிச் சொன்னபோது பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் ஊரிலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த ஒரு சிறுமி, "எங்கம்மா கை மாதிரியா?" என்றாள். அவள் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்து பாசியைப் பிய்த்து எடுக்கும் பெண்களின் கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? ஆமாம் கண்ணு, அதே மாதிரிதான் என்றேன். அந்த வாரம் கதையை மேற்கொண்டு சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்த முடியாத சட்டைக் கையும் எனக்கு முக்கியம். அன்பு எல்லாவற்றையும் முழுசாகச் சரிசெய்துவிட்டது என்று கதை பொய் சொல்லவில்லை.

நம் ஊரில் இப்படிப்பட்ட கதைகள் இல்லையா?

ஏராளம். ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, ஒரு கூண்டுக் கிளியின் உடம்பில் ராட்சசனின் உயிர் இருக்கும் கதையை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். கிளியைப் பிடிப்பவன் ராஜகுமாரன். ஆனால் ரகசியத்தை வாங்கித் தருபவள் சிறைப்பட்ட பெண். நீ செத்துப்போனால் எனக்கு யார் கதி என்று அவள் அழுவதுபோல் கேட்க, ராட்சசன் உருகிப்போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். ராட்சசனுக்கும் யாராவது தன்மேல் பிரியமாக இருக்க மாட்டார்களா என்ற ஏக்கம் இருக்கிறது. கொட்டகையில் ஒரு பையன் ராட்சசனுக்காக அழுதான். அவனை யாரும் கிண்டல் செய்ய நான் விடவில்லை.

(ஏழு கடல் என்றதும் சின்னப் பிள்ளைகள் எண்ணத் தொடங்குவார்கள். தனுஷ்கோடிப் பக்கம் வடக்கே அமைதியாக இருப்பது பெண் கடல், தெற்கே முரட்டு அலையடிப்பது ஆண் கடல் என்று நம் ஊரில் இரண்டுக்குக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. மீதி ஐந்து எங்கே என்று கேட்பார்கள்.)

இன்னும் பழையது வேண்டுமென்றால் ஆதிமந்தி. கரிகால் சோழனின் மகள் என்று சொல்வார்கள். அவள் கணவன் ஆட்டனத்தியைக் காவிரி வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அவள் கரையோடு ஓடுகிறாள், கேட்பவர்களையெல்லாம் கேட்கிறாள், கடல் வரை போகிறாள். கடலே அவனைக் கொண்டுவந்து அவள் முன்னே நிறுத்தியதாகச் சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டிமாதேவியிடம் சொல்கிறாள். தொலைந்த கணவனைத் தேடி நடக்கும் மனைவி என்ற கதை ஐரோப்பாவில் பல வடிவங்களில் உண்டு. நம்மிடம் அது சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. குறுந்தொகையின் 31ஆம் பாட்டு ஆதிமந்தியார் பெயரில்தான் இருக்கிறது. எங்கேயும் அவனைக் காணேன் என்று அவள் சொல்வதை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

அகநானூற்றில் பரணர் இதே கதையில் மருதி என்றொரு பெண்ணைச் சொல்கிறார். அவள் ஆதிமந்திக்கு அவனைக் காட்டிவிட்டுத் தான் கடலுக்குள் போய்விடுகிறாள். இரண்டே வரிதான். அவள் யார், ஏன் போனாள்? அவளை மறந்துவிடாதீர்கள், அடுத்த கேள்வியிலேயே திரும்ப வருவாள்.

கடல்கன்னி நிஜமா? அவள் காதல் ஏன் தோற்றது?

நிஜமா என்பதற்குச் சின்னப் பதில். நம் கடலில் ஆவுளியா உண்டு. கடல் பசு என்பார்களே, அதுதான். கடல்புல் மேய்ந்து, குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கும் பிராணி. தூரத்திலிருந்து அதைப் பார்த்த மாலுமிகள்தான் கடல்கன்னிக் கதையைக் கட்டியிருக்கலாம் என்பது வெகுகாலமாகச் சொல்லப்படுவது. பாக் விரிகுடாவில் அவற்றுக்காகவே 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாதுகாப்பகமாக 2022இல் அறிவித்தார்கள்.

ஏன் தோற்றது என்பதற்குப் பெரிய பதில் வேண்டும். ஆண்டர்சன் 1837இல் எழுதிய கதையில் கடல்கன்னி கப்பல் உடைந்து மூழ்கும் ராஜகுமாரனைக் கரைசேர்க்கிறாள். அவன் கண் விழிக்கும்போது பக்கத்தில் நிற்பது வேறொரு பெண். கடல்கன்னி சூனியக்காரியிடம் நாக்கைக் கொடுத்துக் கால்கள் வாங்குகிறாள். ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கும். அவன் அவளிடம் பிரியமாகத்தான் இருக்கிறான், ஆனால் தன்னைக் காப்பாற்றியதாக அவன் நினைக்கும் பெண்ணைத்தான் கட்டிக்கொள்கிறான். உண்மையைச் சொல்ல இவளுக்கு வாயில்லை.

கல்யாண ராத்திரியில் அவளுடைய அக்காக்கள் தண்ணீருக்கு மேலே வருகிறார்கள். எல்லார் தலையும் மொட்டை. கூந்தலைச் சூனியக்காரியிடம் கொடுத்து ஒரு கத்தி வாங்கி வந்திருக்கிறார்கள். விடியும் முன்னே அவன் நெஞ்சில் குத்து, நீ பிழைத்துக்கொள்வாய் என்கிறார்கள். தூங்கும் அவனை அவள் பார்க்கிறாள். கத்தியைக் கடலில் எறிந்துவிட்டுத் தானும் குதிக்கிறாள். நுரையாகிறாள்.

இந்த இடத்தில் அப்பத்தா கேள்வியைக் கேட்டேன். கயிற்றை யார் பிடித்திருந்தார்கள்? ராஜகுமாரன் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எட்டாவது படிக்கும் ஒரு பெண் சொன்னாள்: "அக்காங்கதான். முடியிலயே கயிறு திரிச்சு வந்திருக்காங்க. இவதான் விட்டுட்டா." நான் இந்தக் கதையை எத்தனையோ தடவை படித்தவள், எனக்குத் தோன்றவில்லை.

அவள் விட்டது அவன் பிழைக்க. மருதியும் அப்படித்தானோ என்று அன்றுமுதல் நினைத்துக்கொண்டிருக்கிறேன். காதல் தோற்றதா என்று கேட்டால், அவளுக்கு அவன் கிடைக்கவில்லை, அது நிஜம். பிரியம் எவ்வளவு பெரிதானாலும் இன்னொருவர் மனதை அது உத்தரவு போட்டு வாங்க முடியாது. ஆனால் அந்தக் கத்தியை எறிந்த கை இருக்கிறதே, அதைவிடப் பெரிய சக்தியை எந்தக் கதையிலும் நான் பார்த்ததில்லை.

கதை நுரையோடு முடியவில்லை. அவள் காற்றின் மகள்களில் ஒருத்தியாகிறாள். வெயிலில் வாடும் நாடுகளுக்குக் குளிர்ந்த காற்று கொண்டுபோவது அவர்கள் வேலை. நம் ஊருக்கும் வருவாளா என்று பிள்ளைகள் கேட்டார்கள். சாயங்காலம் கடல்காற்று எழுந்தால் இப்போது அவள் பேரைச் சொல்கிறார்கள்.

சேது கட்டிய கதையும் காதல் கதைதானே?

பிரிந்த மனைவிக்காகக் கடலுக்குக் குறுக்கே பாலம் போட்ட கதை நம் வாசலிலேயே இருக்கிறது. திருப்புல்லாணியில் ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்துக் கடலிடம் வழி கேட்டதாக ஐதீகம். ஆனால் இது பலருக்குச் சாமி சம்பந்தப்பட்டது, தேவதைக் கதைகளோடு ஒன்றாக வைத்து நான் பேசுவதில்லை. மணலில் புரண்டு வந்து உதவிய அணிலின் கதையை மட்டும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

அழகியும் மிருகமும் கதை, முரட்டு ஆம்பிளையைப் பொறுத்துக்கொள் என்றுதானே பெண்களுக்குச் சொல்கிறது?

இதைக் கேட்டவர் ஒரு அம்மா. கேட்டுவிட்டு மற்றவர்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அதனால் இதற்கு நான் கவனமாகப் பதில் சொல்கிறேன்.

வில்நெவ் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1740இல் எழுதி, போமோன் என்ற ஆசிரியை 1756இல் சுருக்கிய கதை இது. மிருகம் அவள் அப்பாவை மிரட்டுகிறது, அது தப்புதான், கதையும் மறைக்கவில்லை. ஆனால் அவள் அந்த வீட்டுக்குள் வந்த பிறகு என்ன நடக்கிறது? தினமும் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்கிறது. அவள் முடியாது என்கிறாள். பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடுகிறது. அவளை ஒரு தடவைகூடக் கை ஓங்குவதில்லை. அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதும், நீ திரும்பாவிட்டால் நான் செத்துப்போவேன் என்று தெரிந்தே அனுப்பி வைக்கிறது.

அவள் காதல் அதன் குணத்தை மாற்றவில்லை, உருவத்தைத்தான் மாற்றியது. குணம் அதற்கு முன்பே நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் மயங்கிக் கிடக்கும் மிருகத்தின் தலையில் அவள் வாய்க்கால் தண்ணீரை எடுத்து ஊற்றுகிறாள், கண் திறக்கிறது, உன்னையே கட்டிக்கொள்கிறேன் என்கிறாள். அவள் சம்மதம் வந்தபின்தான் சாபம் தீர்கிறது.

அடிக்கிற புருஷனைப் பொறுத்துக்கொண்டால் ஒருநாள் ராஜகுமாரன் ஆவான் என்று இந்தக் கதையை வைத்து உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கதையில் அப்படி இல்லை. உதவி வேண்டுமென்றால் 181க்குக் கூப்பிடலாம்.

இதையெல்லாம் கேட்டுப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே காதல் கீதல் என்று போய்விட மாட்டார்களா?

போனில் வருவதைவிட இவை நூறு மடங்கு நல்லவை. 11 சட்டை பின்னியவளின் கதையைக் கேட்டு வளர்ந்த பெண், பைக்கில் ரெண்டு ரவுண்டு வந்தவனைப் பார்த்து அவ்வளவு சீக்கிரம் மயங்க மாட்டாள் என்பது என் நம்பிக்கை.

கடலில் அப்பாவை இழந்த பிள்ளைக்கு, காதல் எல்லாவற்றையும் வெல்லும் என்று எப்படிச் சொல்வது?

சொல்லக் கூடாது. உன் அன்பு பெரிதாக இருந்தால் போனவர் திரும்பி வருவார் என்ற பொருளில் எந்தக் கதையையும் அந்தப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். திரும்பி வராதபோது, என் அன்புதான் போதவில்லை என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அந்தப் பாரத்தைச் சுமக்கச் சின்ன மனதால் முடியாது.

எனக்கு ஒன்பது வயதில் என் சித்தப்பா ஐப்பசி மழையில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. பெரியவர்கள் யாரும் எங்களிடம் எதுவும் பேசவில்லை. அப்பத்தா கதை சொல்வதையே நிறுத்திவிட்டார். அவர் பெற்ற பிள்ளை அல்லவா.

தை பிறந்த பிறகு ஒரு ராத்திரி, நாங்கள் கேட்காமலே ஏழு கடல் கதையை ஆரம்பித்தார். ராஜகுமாரன் முதல் கடலில் இறங்கினான். அப்பத்தா கேள்வி கேட்கவில்லை, கதையைச் சொல்லிக்கொண்டே போனார். எனக்குப் பொறுக்கவில்லை. "கயித்த யாரு பிடிச்சிருக்கா அப்பத்தா?" என்று கேட்டுவிட்டேன்.

"நாந்தேன்," என்றார். "இன்னும் விடல."

வேறெதுவும் சொல்லவில்லை. கிளி கிடைக்கும்வரை கதையைச் சொல்லி முடித்தார். சித்தப்பா வரமாட்டார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தபிறகும் நன்றாகத் தூங்கினேன்.

அதனால் நான் செய்வது இவ்வளவுதான். அப்படிப்பட்ட பிள்ளை கொட்டகைக்கு வந்தால் கெர்டாவின் கதையையோ ராபுன்செலின் கதையையோ வேண்டுமென்று தேடிப்போய்ச் சொல்வதில்லை. வழக்கமான கதையைச் சொல்வேன். அந்தப் பிள்ளை கேட்டால் பதில் சொல்வேன். கேட்காவிட்டால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன்.

எனக்குக் கதை சொல்ல வராது. வீட்டில் எப்படிச் சொல்வது?

உங்களுக்குத் தெரிந்த மாதிரி சொல்லுங்கள். பெயர்களை மாற்றிக்கொள்ளலாம், ராஜகுமாரி பெரியபட்டினத்தில் பிறந்திருக்கலாம். கதையில் யாராவது தண்ணீரில் இறங்கினால் கயிற்றைப் பற்றிக் கேட்க மட்டும் மறக்காதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் வீட்டில் இருப்பார்கள். அப்போது அப்பாக்களைச் சொல்ல விடுங்கள். போன தடைக்காலத்தில் ஒரு அப்பா கொட்டகைக்கு வந்து ஏழு கடல் கதை சொன்னார். ராஜகுமாரன் மேற்கே கிளம்பினான் என்றதும் அவரே நிறுத்திவிட்டார். கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, இவ்வளவு பலமாக அடிக்கும்போது பாய் வைத்துக்கொண்டு மேற்கே போக முடியாது என்றார். காற்று மாறட்டும் என்று ராஜகுமாரனை மூன்று நாள் கரையிலேயே உட்கார வைத்துவிட்டார். பிள்ளைகளும் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள்.